இமயத்தின் கண்மாய்களுக்குக் காவல் எங்கே?

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை அச்சகத்தார் அன்றுதான் பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஆற்றில் புது வெள்ளம் பெருகும் நாள் அது. அதுபோலத் தொழிலும் பெருக வேண்டும் என்பது நம்பிக்கை.

அந்த ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு படம் கண்ணில் படாமல் போகாது. வெள்ளை வெளேரென்ற இமயமலை! சில தாள்களில் அதன் உச்சியில் பரமசிவன் வீற்றிருப்பார். சடையிலிருந்து கங்கை கொட்டும். வேறு சில தாள்களில் மலை மட்டும் தனியாக நிற்கும்.

வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே ஆப்செட் எந்திரத்திலிருந்து மணிக்கு ஆயிரக்கணக்கில் இமயமலைகள் வந்து விழுகின்றன. அவற்றை எண்ணி அடுக்கும் தொழிலாளியிடம், "அந்த வெள்ளை என்ன?" என்று கேட்டால், "பனி" என்பார். சரியான பதில்தான். ஆனால் பாதிப் பதில்.

மீதிப் பாதி இதுதான்: அந்தப் பனி சும்மா இருப்பதில்லை. அது நகர்கிறது. மலையை அறுக்கிறது. பள்ளத்தாக்கைத் தோண்டுகிறது. ஏரியைக் கட்டுகிறது. சில இரவுகளில், கட்டிய ஏரியை உடைத்தும் விடுகிறது.

மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் பனியைத்தான் விருதுநகர் மாவட்டம் அறியும். மழை குறைந்த இந்த வறண்ட காற்றுதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இங்கே வாழ்வு தந்தது. அப்படிப்பட்ட கந்தக பூமிக்குப் பனியாற்றின் கதை எதற்கு என்று கேட்கலாம். கதையை முழுதும் படித்தால் விடை தானே கிடைக்கும்.

பஞ்சு கல்லாகும் கதை

விருதுநகரிலும் ராஜபாளையத்திலும் பஞ்சை பேல் கட்டுவதைப் பார்த்தவர்கள் பலர். மலை போல் குவிந்து கிடக்கும் பஞ்சு, அழுத்தும் எந்திரத்துக்குள் போய் வந்தால் கல் போன்ற பொதியாகிவிடுகிறது. பஞ்சு குறையவில்லை. உள்ளே இருந்த காற்றுதான் வெளியேறியது.

பனியாறு பிறப்பதும் இப்படித்தான். வானத்திலிருந்து புதிதாக விழும் பனி, பஞ்சு போன்றது. அதில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. கோடையிலும் முழுதும் உருகாத அளவுக்குக் குளிர்ந்த உயரத்தில் அது விழுந்தால், சென்ற ஆண்டுப் பனியின் மேல் இந்த ஆண்டுப் பனி ஏறி உட்காரும். அதன் மேல் அடுத்த ஆண்டுப் பனி. இப்படி அடுக்கு மேல் அடுக்கு.

மேல் அடுக்கின் பாரத்தில் கீழ் அடுக்கு நசுங்குகிறது. ஊசி முனைகள் போன்ற பனித் துகள்கள் முனை மழுங்கி, சர்க்கரைப் பரல்கள் போல் ஆகின்றன. பரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டுகின்றன. காற்று வெளியேறுகிறது. பல ஆண்டுகளில் அது கெட்டியான நீல நிறப் பனிக்கட்டியாக மாறிவிடுகிறது. அன்டார்டிகாவைப் போல் பனி குறைவாக விழும் கடுங்குளிர்ப் பிரதேசத்தில் இதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகளும் பிடிக்கும்.

விருதுநகர் வியாபாரிகளுக்குப் பேரேடும் ஐந்தொகையும் கைவந்த கலை. பனியாற்றுக்கும் ஒரு பேரேடு உண்டு. மேல் பகுதியில் விழும் பனி வரவு. கீழ்ப் பகுதியில் உருகி ஓடும் நீர் செலவு. வரவு கூடினால் பனியாறு வளரும். செலவு கூடினால் தேயும். மலைமேல் நடக்கும் இந்தக் கணக்கில் இன்று செலவுப் பக்கம்தான் நீண்டுகொண்டே போகிறது.

மலை நகருமா?

பனிக்கட்டி கல் போல் கெட்டியானது. சுத்தியலால் அடித்தால் உடையும். ஆனால் அதன் கனம் சுமார் 100 முதல் 150 அடியைத் தாண்டிவிட்டால் ஒரு விந்தை நிகழ்கிறது. தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல், அடியில் உள்ள பனிக்கட்டி ஆறிய கருப்பட்டிப் பாகு போல் மெல்ல இளகி நகர ஆரம்பிக்கிறது. அடியில் உருகிய நீர் இருந்தால் அது எண்ணெய் போட்டதுபோல் ஆகி, முழுப் பனியாறும் பாறை மேல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

மேல் பகுதி மட்டும் இளகுவதில்லை. அது வெடிக்கிறது. அந்த வெடிப்புகள்தான் மலையேறுபவர்களுக்கு எமன். நூறடி ஆழப் பிளவின் வாயைப் புதுப்பனி மெல்லிய போர்வையாக மூடியிருக்கும். காலை வைத்தால் உள்ளேதான்.

இந்த நகர்வை முதலில் அளந்து பார்த்தவர்கள் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள். 1827-ல் ஹூகி என்பவர் உன்டரார் பனியாற்றின் மேல் ஒரு குடிசை கட்டினார். 1839-ல் லூயி அகாசிஸ் என்ற விஞ்ஞானி போய்ப் பார்த்தபோது, அந்தக் குடிசை கட்டிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கீழே இறங்கி வந்திருந்தது! யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை. தரையே நகர்ந்திருந்தது.

பிறகு பனியாற்றின் குறுக்கே நேர் வரிசையில் கம்புகளை நட்டுப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வரிசை வில் போல் வளைந்தது. நடுவில் நட்ட கம்பு முன்னே போயிருந்தது. ஓரத்துக் கம்புகள் பின்தங்கியிருந்தன. வைப்பாற்றிலும் வெள்ளம் வந்தால் நடு ஓட்டம்தான் வேகம். கரை ஓரம் மெதுவாகத்தான் போகும். தண்ணீருக்கும் பனிக்கட்டிக்கும் நியாயம் ஒன்றே.

வேகம் இடத்துக்கு இடம் மாறும். இமயத்துப் பனியாறுகள் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை நகர்கின்றன. கிரீன்லாந்தில் யாக்கப்ஷாவன் என்ற பனியாறு 2012-ல் ஒரே நாளில் 46 மீட்டர் வரை ஓடியது.

அரமும் உளியும்

பனிக்கட்டி மட்டும் தேய்த்தால் பாறை தேயாது. ஆனால் பனியாறு வெறுங்கையோடு வருவதில்லை. அடியில் உள்ள பாறை இடுக்குகளில் நீர் புகுந்து உறைகிறது. உறைந்ததும் பனிக்கட்டியோடு ஒட்டிக்கொள்கிறது. பனியாறு நகரும்போது பாறைத் துண்டு பல்லைப் பிடுங்கியதுபோல் பெயர்ந்து வந்துவிடுகிறது.

பிடுங்கிய கற்களை அடிவயிற்றில் பதித்துக்கொண்டு பனியாறு நகர்கிறது. ஓர் இராட்சத அரம் மலையின் மேல் இழுபடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாறையில் நீள நீளமாகக் கீறல்கள் விழுகின்றன. சில இடங்கள் கண்ணாடி போல் வழவழப்பாகின்றன. அரைபட்ட கல் மாவாகி நீரில் கலக்கிறது. கோமுகத்தில் பிறக்கும் பாகீரதி பால் கலந்தாற்போலக் கலங்கி ஓடுவதற்கு அந்தக் கல்மாவும் காரணம்.

மழையாறு மலையை அறுத்தால் பள்ளத்தாக்கு கூம்பிய அடியோடு இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் ஓடைகளில் இதைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைச் செதுக்கியது மழைதான். பனியாறு அறுத்த பள்ளத்தாக்கோ தொட்டி போல் அகன்ற அடியோடு இருக்கும். பக்கச் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். நார்வே நாட்டுக் கடற்கரையில் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் நீண்ட கால்வாய்களும், வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளும் பனிக்கட்டி தோண்டிய பள்ளங்களே.

ஒரு சிகரத்தைப் பல பக்கங்களிலிருந்தும் பனியாறுகள் குடைந்தால் நடுவில் கூர்மையான கோபுரம் மிஞ்சும். கங்கோத்ரிப் பனியாற்றின் அருகே 6,543 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிவலிங்க சிகரம் அப்படிப்பட்ட ஒன்று. பக்தர்கள் அதில் லிங்கத்தைப் பார்க்கிறார்கள். பனியாறு அங்கே சிற்பியாக இருந்திருக்கிறது.

கடைசியாக, பனியாறு தான் சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் முடிவிடத்தில் கொட்டுகிறது. அது குறுக்கே ஒரு கரை போல் குவிகிறது. பனியாறு பின்வாங்கினால், அந்தக் கரைக்குப் பின்னே உருகிய நீர் தேங்குகிறது. ஏரி தயார்! இந்தக் கரையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தால்ச்சேர் சொன்ன சேதி

"இந்தியாவின் சமவெளியில் பனியாறு ஓடியதா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஓடியிருக்கிறது.

1856-ல் ஒரிசாவில் தால்ச்சேர் என்ற இடத்தில் பிளான்போர்டு சகோதரர்களும் தியோபால்டு என்பவரும் நிலத்தை ஆராய்ந்தார்கள். மூவரும் பூகர்ப்ப ஆராய்ச்சியாளர்கள். அங்கே மெல்லிய களிமண்ணுக்குள் பெரும் பெரும் பாறை உருண்டைகள் புதைந்து கிடந்தன. ஆற்று வெள்ளம் கொண்டுவந்தால் கனத்த கல் ஓரிடத்திலும் நுண்ணிய களிமண் வேறிடத்திலும் பிரிந்து படியும். இரண்டும் கலந்து கிடப்பானேன்? பனிக்கட்டிதான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று துணிந்து எழுதினார்கள்.

வெப்ப நாட்டில் பனிக்கட்டியா என்று பலர் நம்ப மறுத்தார்கள். ஆனால் பிறகு அதே போன்ற பாறைப் படிவுகள் தென்னாப்பிரிக்காவில் கிடைத்தன. ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் கிடைத்தன. இந்த நிலங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன, பிறகு பிரிந்து நகர்ந்தன என்று ஜெர்மானிய விஞ்ஞானி வெகனர் 1912-ல் சொன்னபோது, அந்தப் பனியாற்றுத் தடங்களும் அவருக்குச் சாட்சி சொல்லின. ஒட்டியிருந்த அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் நாட்டிலிருந்து எடுத்த பெயர் அது.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென் துருவத்துக்கு வெகு அருகே இருந்தது. இன்று கத்திரி வெயிலில் கருகும் நாடு, அன்று பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது. பூமியின் பேரேட்டில் எந்தக் கணக்கும் நிரந்தரம் இல்லை.

கடல் விலகி நின்ற காலம்

இன்னொரு சேதி இன்னும் அருகில் இருக்கிறது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிக்கட்டி மைல் கணக்கில் கனத்துக் கிடந்தது. அவ்வளவு நீரும் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்துதான். ஆகவே உலகக் கடல்களின் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது.

பாக் ஜலசந்தியின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். அப்படியானால் அன்று அங்கே கடலே இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம். சாத்தூர் வழியே ஓடும் வைப்பாறு, இன்றைய கடற்கரையையும் தாண்டி ஓடித்தான் கடலைச் சேர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டு மலைகளில் அன்று பனியாறு இல்லை. ஆனாலும் எங்கோ உறைந்த பனி, தமிழ்நாட்டின் கடற்கரையை மாற்றியது. எங்கோ உருகிய பனி அதைத் திரும்பவும் மாற்றியது. "தூரத்துப் பனிக்கு இங்கே என்ன?" என்ற கேள்விக்கு இது முதல் விடை.

இன்று கடல் மட்டம் ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை உயர்ந்துவருகிறது. சூடேறிய கடல்நீர் விரிவது ஒரு காரணம். பனியாறுகளும் துருவத்துப் பனிப்பாளங்களும் உருகுவது மற்றொரு காரணம். மில்லிமீட்டர்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. விருதுநகர் சரக்குகள் கப்பலேறும் தூத்துக்குடியும், மன்னார் வளைகுடாவின் தாழ்ந்த தீவுகளும் அந்தக் கடலின் விளிம்பில்தான் இருக்கின்றன.

தேயும் கணக்கு

இந்திய இமயத்தில் 9,575 பனியாறுகள் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவற்றில் புகழ் பெற்றது கங்கோத்ரி. நீளம் சுமார் 30 கிலோமீட்டர். அதன் வாய்தான் கோமுகம்.

1935-ல் ஜான் ஆடன் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் கோமுகத்தின் இருப்பிடத்தை அளந்து படம் வரைந்து வைத்தார். ஆங்கிலக் கவி ஆடனின் அண்ணன் அவர். அன்று அவர் குறித்த இடத்திலிருந்து கோமுகம் இன்று ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது.

இந்து குஷ்–இமயப் பிரதேசத்தின் பனியாறுகள், 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்று காத்மாண்டில் உள்ள சர்வதேச மலை ஆராய்ச்சி மையம் 2023-ல் அறிவித்தது. ஐக்கிய நாடுகள் சபை 2025-ஐப் பனியாறுகளைப் பாதுகாக்கும் ஆண்டாகக் கொண்டாடியது. மார்ச் 21 இனி ஆண்டுதோறும் பனியாறு தினம்.

பனியாறு தேய்ந்தால் கங்கை நாளையே வற்றிவிடும் என்று பயமுறுத்துவது சரியல்ல. கங்கையின் பெரும் பங்கு நீர் மழையால் வருவது. சிந்து நதிக்குத்தான் பனி நீர் அதிகம் தேவை. ஆனால் மழை இல்லாத கோடை மாதங்களில் மலைநாட்டு மக்களுக்குக் கைகொடுப்பது உருகும் பனியே. மழைக்காலத்து நீரைச் சேர்த்து வைத்துக் கோடைக்குத் தருவது எது? விருதுநகர் மாவட்டத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: கண்மாய்!

ஆம், பனியாறு இமயத்தின் கண்மாய்.

கரை உடைந்த இரவு

கண்மாய்க்குக் கரை உண்டு. மடை உண்டு. மிஞ்சிய நீர் வெளியேறக் கலுங்கு உண்டு. மழை வலுத்த இரவில் மண்வெட்டியோடு கரையைச் சுற்றி வர நீர்ப்பாய்ச்சி இருந்தார். நீர் கட்டுக்கு மீறினால் ஊருக்குத் தண்டோரா போட ஆள் இருந்தது. இத்தனையும் இருந்தால்தான் கண்மாய். இல்லாவிட்டால் அது தலைக்கு மேல் தொங்கும் வெள்ளம்.

இமயத்தில் பனியாறு பின்வாங்கிய இடங்களில் இன்று ஏரிகள் பெருகுகின்றன. அவற்றின் கரையை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. பனியாறு கொட்டிய கல்லும் மண்ணும்தான் கரை. அதற்கு மடை இல்லை. கணக்காகக் கட்டிய கலுங்கு இல்லை. காவலும் இல்லை.

2013 ஜூன் 17-ஆம் தேதி காலை. கேதார்நாத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி, கன மழையில் நிரம்பிக் கரையை உடைத்தது. கோயில் மிஞ்சியது. சுற்றியிருந்த ஊர் மிஞ்சவில்லை. அந்த வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் உத்தராகண்டில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

2023 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு. சிக்கிமில் சுமார் 17,000 அடி உயரத்தில் தெற்கு லோனாக் என்ற ஏரி. அதன் பக்கக் கரையிலிருந்து உறைந்த கல்லும் மண்ணும், 1 கோடியே 40 லட்சம் கன மீட்டருக்கு மேல், ஒரே சரிவாக ஏரிக்குள் விழுந்தது. அலை எழும்பிக் கரையை உடைத்தது. கீழே சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் மின்திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. தீஸ்தா நதிக்கரையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்னும் பலர் கிடைக்கவே இல்லை.

இது யாரும் எதிர்பாராத விபத்தா? இல்லை. அந்த ஏரி வளர்வதையும், உடையக்கூடும் என்பதையும் விஞ்ஞானிகள் 2013-லேயே எழுதினார்கள். 2021-லும் எழுதினார்கள். 2016-ல் ஏரியில் குழாய் போட்டுக் கொஞ்சம் நீரை வெளியேற்றியும் பார்த்தார்கள். அது போதவில்லை. கலுங்கு வெட்ட வேண்டிய கண்மாயில் சொம்பால் மொண்டு ஊற்றிய கதையாக அது முடிந்தது.

கந்தக பூமியும் பனி பூமியும்

சிவகாசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடலாம். இமயத்துப் பனியின் மேல் கரி படிகிறது என்பது உண்மை. கறுத்த பனி வெயிலை அதிகம் உறிஞ்சி விரைவில் உருகுகிறது. ஆனால் அந்தக் கரி பெரும்பாலும் விறகடுப்பு, டீசல் வண்டி, செங்கல் சூளை, காட்டுத்தீ ஆகியவற்றின் புகையால் வருவது. பட்டாசின் தலையில் எல்லாப் பழியையும் போடுவது நியாயமல்ல. பூமியே சூடேறுவதுதான் பெரிய காரணம். அதில் உலகம் முழுவதற்கும் பங்கு உண்டு. பணக்கார நாடுகளுக்குப் பெரும் பங்கு.

உண்மையான சம்பந்தம் வேறு. ஆபத்தை அருகில் வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்பதைச் சிவகாசி அறியும். ஒரு அறையில் இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான், ஓர் அறைக்கும் மறு அறைக்கும் இத்தனை தூரம் என்று இங்கே விதி உண்டு. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு சாவு வீடு உண்டு. விதி தளர்ந்த இடத்தில் என்ன ஆகும் என்பதையும் இந்த மண் கண்டிருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகிய நாளை இந்த மாவட்டம் மறக்காது. சட்டம் இருந்தது. காவல்தான் போதவில்லை.

பனி ஏரிக்கும் மருந்து அறைக்கும் நியாயம் ஒன்றுதான். ஆபத்து எங்கே என்று தெரிய வேண்டும். அதன் அருகே ஆட்களைக் குவிக்கக் கூடாது. ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவர் குரல் கொடுத்தால் எல்லாரும் ஓட வழி இருக்க வேண்டும்.

இன்னொரு சம்பந்தம் இரத்த சம்பந்தம். 76 கிலோமீட்டர் நீளமுள்ள சியாச்சின் பனியாற்றில் 1984 முதல் இந்தியப் படை காவல் நிற்கிறது. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையின் மேல் பனிச்சுவர் சரிந்தது. புதைந்த பத்து வீரர்களும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டு வீரர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடக வீரர் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-ஆம் தேதி கண்ணை மூடினார். பனியையே காணாத ஊர்களுக்குப் பனியில் இறந்த பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். இதற்குப் பிறகும் இமயத்துப் பனி வடநாட்டுக்காரர் விஷயம் என்று சொல்ல முடியுமா?

செய்ய வேண்டியது என்ன?

சிக்கிம் வெள்ளத்துக்குப் பிறகு மத்திய அரசாங்கம் கொஞ்சம் விழித்துக்கொண்டது. பனி ஏரி ஆபத்தைக் குறைக்க, அருணாசலப் பிரதேசம், இமாசலப் பிரதேசம், சிக்கிம், உத்தராகண்ட் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு 150 கோடி ரூபாயில் ஒரு திட்டம் 2024-ல் ஒப்புதல் பெற்றது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் ஆயிரக்கணக்கான பனியாறுகளுக்கு முன்னால் இது சிறு தொகை. இமயத்தின் அளவுக்குத் திட்டமும் வளர வேண்டும்.

முதல் தேவை காவல். ஆபத்தான ஒவ்வொரு ஏரியிலும் நீர்மட்டத்தைக் காட்டும் கருவியும், கீழே உள்ள ஊர்களில் அபாயச் சங்கும் வேண்டும். கருவி வைத்த மறு மாதம் பழுதானால் அதைச் சரி செய்ய ஆள் வேண்டும். கருவி, நீர்ப்பாய்ச்சியின் இடத்தில் நிற்கிறது. தூங்கும் நீர்ப்பாய்ச்சியால் யாருக்கும் பயனில்லை.

இரண்டாவது கலுங்கு. முடிந்த இடங்களில் ஏரி நீரை அளவாக வெளியேற்றிவிட வேண்டும். பெரு நாட்டில் 1941-ல் ஒரு பனி ஏரி உடைந்து உவாராஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, ஏரி ஏரியாகக் கால்வாய் வெட்டி நீரைக் குறைத்தார்கள். மலைமேல் அது கடினமான வேலைதான். ஆனால் முடியாத வேலை அல்ல.

மூன்றாவது, ஏரியின் கீழே எதைக் கட்டுவது என்ற யோசனை. சுங்தாங்கில் உடைந்தது 60 மீட்டர் உயர அணை. அங்கேயே சுமார் 118 மீட்டர் உயரத்தில் கான்கிரீட் அணை கட்ட, 2025 ஜனவரியில் மத்திய நிபுணர் குழு பரிந்துரைத்தது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை. அதை மறுப்பாரில்லை. ஆனால் மேலே கண்மாய்க்குக் காவல் போடாமல் கீழே வீடு கட்டக் கூடாது என்பது கரிசல் காட்டு விவசாயிக்கும் தெரிந்த விஷயம். புதுடெல்லிக்கும் அது தெரிய வேண்டும்.

நான்காவது, படிப்பு. பூகோள வகுப்பில் கங்கையின் பிறப்பிடம் கங்கோத்ரி என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் ஏராளம். அந்தக் கங்கோத்ரி நகர்கிறது, தேய்கிறது, அதை அளக்க ஆட்கள் வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்பவர் குறைவு. மதிய உணவு போட்டு ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த காமராஜர் பிறந்த மண் இது. விருதுநகர்ப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை நாளைக்கு இமயத்தில் கம்பு நட்டுப் பனியாற்றை அளந்தால், அந்தச் சோற்றுக்கு அது பெரிய பலன்.

ஐந்தாவது, சொந்த வீட்டுப் பாடம். இமயத்தின் கண்மாய்க்குக் காவல் கேட்கும் உரிமை, உள்ளூர்க் கண்மாயைக் காப்பவர்களுக்குத்தான் முழுதாக உண்டு. விருதுநகர் மாவட்டத்து ஆறுகளுக்கு மேலே பனியாறு இல்லை. வைப்பாற்றுக்கும் அர்ச்சுனா நதிக்கும் மழை ஒன்றே தாய். மழை பொய்த்தால் கைகொடுக்க மலைமேல் பனி இல்லை. ஆகவே இங்கே கண்மாய்தான் பனியாறு. அதில் வண்டல் மேடிட்டால், வரத்துக்கால் அடைபட்டால், கருவேல முள் மண்டினால், இந்த மாவட்டம் தன் பனியாற்றைத் தானே உருக்கிவிட்டது என்றுதான் பொருள்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கும் சிவகாசியில் புது ஆல்பம் வரும். அதிலும் இமயமலை வெள்ளையாகவே இருக்கும். அச்சு மை தீரும் வரை அந்த வெள்ளைக்குக் குறைவில்லை. மலைமேல் இருக்கும் வெள்ளைக்கு அந்த உறுதி இல்லை. படத்தை ஆணியில் மாட்டும்போது வீட்டுக்காரர்கள் இதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளட்டும்: அங்கே தெரிவது வெறும் அழகு அல்ல. பல கோடி மக்களின் கண்மாய். அதன் கரையில் இன்னும் ஆள் போடவில்லை.